9 வாட் எப்படி 60 வாட் ஆகும்? வெளிச்சத்தை அளக்கும் கணக்கு

காரைக்குடியில் ஒரு மின்சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் ஆச்சி. வீட்டில் வயது நிறைவுச் சாந்தி வைத்திருக்கிறார்களாம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், இரவுப் பந்தி. பழைய குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். கடைத் தம்பி ஓர் எல்இடி பல்பை எடுத்து வைத்தார்.

"இது 9 வாட்டு ஆச்சி. பழைய 60 வாட்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும்."

"9 எப்படிப்பா 60 ஆகும்? கணக்கு இடிக்குதே."

தம்பியிடம் பதில் இல்லை. "டப்பாவுல அப்படித்தான் ஆச்சி போட்டிருக்கு" என்றார்.

ஆச்சி கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன். பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடிப்படை அளவுகளின் பட்டியலில் 'ஒளிச்செறிவு' என்று வரும், அலகு காண்டெலா. ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேரும் குறுக்கீட்டு விளைவைப் படிக்கும்போது மறுபடி 'செறிவு' வரும், அங்கே அலகே வேறு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. மாணவன் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறான். தவறு அவனுடையது இல்லை. உலகம் முழுக்க இயற்பியலாளர்களே இந்தச் சொல்லைக் கிளைக்கு ஒரு பொருளில் வைத்திருக்கிறார்கள்.

"வெளிச்சம் எவ்வளவு?" என்பது பார்ப்பதற்கு ஒரு கேள்விபோல இருக்கும். உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு கிளம்புகிறது? ஒரு திசையில் எவ்வளவு போகிறது? ஒரு பரப்பின் மேல் எவ்வளவு விழுகிறது? அந்தப் பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? நான்கையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி, கண்ணால் அளப்பதா கருவியால் அளப்பதா என்பதில் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வளவில் விழும் மழை

செட்டிநாட்டு வீட்டில் மழை பெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் இறங்கும். மூலைக்கு ஓர் அண்டா வைத்துப் பிடிப்பார்கள்.

"மழை எவ்வளவு?" என்றால் இங்கே இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். நிமிடத்துக்கு 20 லிட்டர் அண்டாவில் விழுகிறது என்பது ஒன்று. இது மொத்த வரத்து. வானிலைக்காரர்கள் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு இன்னொன்று. 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் 10 லிட்டர் விழுந்திருக்கிறது என்று பொருள். கூரை பெரிதானால் அண்டா சீக்கிரம் நிறையும், ஆனால் மில்லிமீட்டர் மாறாது. ஒரே மழைதான். கேட்ட கேள்விதான் வேறு.

ஒளியிலும் இப்படித்தான். விளக்கிலிருந்து ஒரு விநாடியில் கிளம்பும் மொத்த ஒளி ஆற்றலுக்குப் பெயர் பாயம். இது அண்டாக் கணக்கு. ஆற்றலை ஜூலில் அளக்கிறோம். விநாடிக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு வாட். ஆகவே பாயத்தின் அலகு வாட்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் பாயத்தை இந்தக் கட்டுரையில் விழுச்செறிவு என்று சொல்கிறேன். இது மில்லிமீட்டர் கணக்கு. அலகு, சதுர மீட்டருக்கு வாட். வளிமண்டலத்துக்கு வெளியே சூரியனுக்கு நேர் எதிரே ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால் அதில் சுமார் 1,361 வாட் விழும். நம்மூர் உச்சி வெயிலில் தரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1,000 வாட். மாடியில் சோலார் பலகை வைப்பவர்கள் '1 கிலோவாட் பலகை' என்று சொல்வதும் இந்த 1,000 வாட் வெயில் விழும்போது அது தரும் மின்சாரத்தை வைத்துத்தான்.

இதுவரை இரண்டு அளவுகள். பாயம் என்பது மொத்த வரத்து. விழுச்செறிவு என்பது ஒரு சதுர மீட்டருக்கு வந்த பங்கு.

டார்ச்சும் பல்பும்: திசை என்ற கணக்கு

வீட்டு பல்பு டார்ச்சைவிட அதிக ஒளி தரும். ஆனால் கொல்லையில் சலசலவென்று சத்தம் கேட்டால் டார்ச்சைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். டார்ச் தன்னிடம் இருக்கும் கொஞ்ச ஒளியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. இதை அளக்க, 'ஒரு பக்கம்' என்பதற்கு ஓர் அளவு வேண்டும்.

ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையான காய். அதன் நடு மையத்தில் ஒரு புள்ளி விளக்கு எரிகிறது. ஓட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அந்த ஓட்டை வழியாக ஒளி வெளியே வரும். ஓட்டை எவ்வளவு பெரியது என்று மையத்திலிருந்து பார்க்கும் அளவே திண்மக்கோணம். அதற்கான அலகு ஸ்டெரேடியன். மையத்திலிருந்து ஓடு வரை 5 சென்டிமீட்டர் என்றால், 5-ஐ 5-ஆல் பெருக்கி 25 சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டுங்கள். அது ஒரு ஸ்டெரேடியன். காய் பெரிதோ சிறிதோ, ஆரத்தின் வர்க்கம் அளவுக்கு வெட்டினால் எப்போதும் ஒரு ஸ்டெரேடியன்தான். முழு ஓட்டுக்கும் சேர்த்து 4 பை, அதாவது சுமார் 12.57 ஸ்டெரேடியன்.

இனி, ஒரு திசையில் ஒரு ஸ்டெரேடியனுக்குள் எவ்வளவு பாயம் போகிறது என்று கேட்கலாம். இதுதான் திசைச்செறிவு. அலகு, ஸ்டெரேடியனுக்கு வாட். பாடப்புத்தகப் பட்டியலில் காண்டெலாவோடு வரும் 'ஒளிச்செறிவு' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் வலு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. 100 வாட் குண்டு பல்பு தன் ஆற்றலை எல்லாப் பக்கமும் சமமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தையும் சேர்த்து ஸ்டெரேடியனுக்குச் சுமார் 8 வாட் வரும். இப்போது பள்ளிக்கூட ஆசிரியர்கள் பலகையைச் சுட்டிக்காட்டும் லேசர். அதன் பாயம் வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அதன் ஒளிக்கற்றை 10 மீட்டர் போயும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் விரிகிறது என்றால், திண்மக்கோணம் ஸ்டெரேடியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வகுத்துப் பாருங்கள். ஸ்டெரேடியனுக்கு 1,200 வாட்டுக்கு மேல் வருகிறது! பல்பைவிட 150 மடங்கு. லேசரைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதே என்று பிள்ளைகளிடம் ஓயாமல் கத்துவது இதனால்தான். 'ஒரு மில்லிவாட்தானே' என்ற பேச்சு இங்கே செல்லாது.

தூரம் போகப் போக

திசைச்செறிவு விளக்கின் குணம். விழுச்செறிவு, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் இணைக்கும் விதி எல்லோரும் படித்ததுதான்: தூரம் இரண்டு மடங்கானால் விழுச்செறிவு நான்கில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஒரே ஒளி பெரிய பரப்புக்குப் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான். வழியில் ஒளி 'களைத்துப் போவதில்லை'. பிள்ளைகள் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு முறை கானாடுகாத்தானில் தெரிந்தவர் வீட்டு இரண்டாங்கட்டில், ஓர் அறையில் இரவு நேரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரே ஒரு பல்பு. கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி. ஒரு மீட்டரில் 80 காட்டியது. இரண்டு மீட்டரில் 20 வர வேண்டும். 29 வந்தது. "விதி தப்பா சார்?" என்றான் ஒரு பையன்.

விதி தப்பில்லை. சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் அரைத்துப் பூசிய சுவர். நூறு வருடம் ஆகியும் பளிங்குபோல வழுவழுப்பும் வெண்மையும் போகவில்லை. விளக்கிலிருந்து நேராக வந்த ஒளியோடு அந்த நாலு சுவரும் திருப்பிவிட்ட ஒளியையும் சேர்த்துத்தான் செயலி எண்ணியிருக்கிறது. கறுப்புப் போர்வைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிட்டு மறுபடி அளந்தபோது எண் 22-க்கு இறங்கியது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் விதியைவிட விதியின் நிபந்தனையை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஒளி நேராக மட்டும் வர வேண்டும், விளக்கு தூரத்தை ஒப்பிடச் சிறியதாக இருக்க வேண்டும். நீளமான டியூப் லைட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அளந்தால் நான்கில் ஒன்று வராது.

இன்னொன்று சாய்வு. வளவில் வற்றல் காயப்போடும் பெண்களுக்கு இது கைவந்த கணக்கு. காலை வெயில் சரிவாக விழும்போது சுளகின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்துச் சூரியனைப் பார்த்துத் தூக்கி வைப்பார்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, தரையில் கிடக்கும் சுளகில் நேர் வெயிலில் பாதிதான் விழுகிறது. சுளகைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினால் முழுதும் கிடைக்கும். வெயில் அதே வெயில். அதை வாங்கும் முகம் திரும்பியதில் விழுச்செறிவு இரண்டு மடங்காகிவிட்டது.

திசைச்செறிவு விளக்கோடு போகும். விழுச்செறிவு தூரத்தையும் சாய்வையும் சேர்த்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் பேச்சுவழக்கில் அதிகக் குழப்பம்.

சுவர் ஏன் தள்ளிப் போனாலும் மங்கவில்லை?

நான்காவது அளவுக்கு வருகிறோம். இதுதான் எனக்குப் பிடித்தது. பாடத்தில் வராததும் இதுதான்.

வெயில் பட்ட வெள்ளைச் சுவர் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு தெருக்கோடிக்குப் போய்ப் பாருங்கள். சிறியதாகத் தெரியும், ஆனால் வெண்மை மங்காது. தூரம் போனால் ஒளி குறையும் என்று இப்போதுதானே சொன்னோம்?

கண்ணுக்கு வரும் மொத்த ஒளி குறையத்தான் செய்கிறது. கூடவே, கண்ணிலிருந்து பார்க்கும்போது சுவர் அடைத்துக்கொள்ளும் திண்மக்கோணமும் அதே அளவு குறைகிறது. மேலேயும் கீழேயும் ஒன்றுபோலக் குறைந்தால் வகுத்து வரும் ஈவு மாறாது. அந்த ஈவைத்தான் கண் 'பளிச்' என்று உணர்கிறது. இதைப் பொலிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு ஸ்டெரேடியனுக்குள் போகும் பாயம் அது. அலகு, ஸ்டெரேடியனுக்கு, சதுர மீட்டருக்கு வாட். இரண்டு வகுத்தல். நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். அந்த இரண்டாவது வகுத்தல்தான் தூரத்தைக் கணக்கிலிருந்து வெளியேற்றுகிறது.

பொலிவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெட்டவெளியில் அது வழியில் மாறவே மாறாது. கண்ணாடியும் லென்சும் படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும், ஆனால் பொலிவைக் கூட்ட முடியாது. முகப்பில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியில் விளக்கு பளீரென்று தெரியலாம். அந்தப் பிம்பம் விளக்கின் பொலிவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், கூடுதலாக ஒருபோதும் இருக்காது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிக்கிறோமே என்றால், அங்கே கூடுவது விழுச்செறிவு. காகிதத்தின் அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் லென்ஸ் முழுதும் சூரியனாக நிறைந்திருக்கும். சூரியன் பெரிதாகியிருக்கிறது, ஆனால் அதன் பொலிவு அப்படியே இருக்கிறது.

பொலிவு, பார்க்கும் திசையையும் பொறுத்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மாலை வெயில் வாசல் வழியாக நீளமாக விழும்போது பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுத்த கல் அது, அதனால் அதன் முகமும் கண்ணாடிபோல வழுவழுப்பு. ஒரு பக்கம் நின்றால் தரையில் தங்கப் பட்டை போட்டதுபோல மின்னும். ஓரடி நகர்ந்தால் அந்தப் பட்டை மறைந்து கல்லின் பூ வேலைப்பாடு தெரியும். கல்லின் மேல் விழும் ஒளி மாறவில்லை, நீங்கள் நகர்ந்தீர்கள். சொரசொரப்பான வெள்ளைச் சுவர் அப்படியில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பொலிவு. இப்படிப்பட்ட பரப்புக்கு லாம்பர்ட் பரப்பு என்று பெயர். 1760-லேயே ஒளியளவைக்குக் கணித அடித்தளம் போட்ட யோகான் ஹைன்ரிக் லாம்பர்ட்டின் பெயர் அது.

கண்ணுக்கான தனிக் கணக்கு

இதுவரை வாட்டை வைத்தே பேசினோம். வாட், கண்ணைப் பற்றிக் கவலைப்படாது. அடுப்பிலிருந்து வரும் வெப்பக்கதிரும் அதற்கு ஆற்றல்தான், பச்சை ஒளியும் ஆற்றல்தான். ஆனால் நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே மதிப்பில் வாங்குவதில்லை. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளம் உள்ள மஞ்சள் கலந்த பச்சைக்குத்தான் அதற்கு உணர்வு அதிகம். சிவப்புக்கும் ஊதாவுக்கும் உணர்வு குறைந்துகொண்டே போகும். அகச்சிவப்புக்கும் புற ஊதாவுக்கும் ஒன்றுமே இல்லை.

ஆகவே ஒவ்வொரு நிறத்தின் வாட்டையும் கண்ணின் உணர்வுக்கு ஏற்ற எடை போட்டுக் கூட்டுகிறார்கள். அப்படிக் கூட்டி வரும் பாயத்தின் அலகு லூமென். 555 நானோமீட்டரில் ஒரு வாட் ஒளி 683 லூமென். அகச்சிவப்பில் ஒரு வாட், 0 லூமென்.

ஆச்சியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. டப்பாவில் உள்ள 9-ம் 60-ம் விளக்கு மின்சாரத்தை உறிஞ்சும் வேகம். வெளிச்சத்தின் அளவு அதில் இல்லை. 60 வாட் குண்டு பல்பு வாங்கும் ஆற்றலில் பெரும்பங்கை அகச்சிவப்பாக, வெப்பமாக விட்டுவிடுகிறது. கண்ணுக்குக் கிடைப்பது 700 லூமென் சொச்சம். நல்ல எல்இடி விளக்கு, வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். 9 வாட்டுக்கு 900. பழைய நாட்களில் எல்லா விளக்கும் ஒரே வகையாக இருந்ததால் வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்தது. அந்தப் பழக்கம் நாக்கில் தங்கிவிட்டது. இரவு விளக்கை 'ஜீரோ வாட் பல்பு' என்கிறோமே, பழைய இழை பல்பாக இருந்தால் அதுவும் 12, 15 வாட் இழுக்கும்.

முன்பு பார்த்த நான்கு அளவுகளுக்கும் இப்படிக் கண் கணக்கில் ஒரு ஜோடி உண்டு. பாயத்துக்கு லூமென். திசைச்செறிவுக்கு, ஸ்டெரேடியனுக்கு லூமென், இதன் பெயர்தான் காண்டெலா. விழுச்செறிவுக்கு, சதுர மீட்டருக்கு லூமென், இதன் பெயர் லக்ஸ். பொலிவுக்கு, சதுர மீட்டருக்குக் காண்டெலா. கைப்பேசி விளம்பரத்தில் வரும் 'நிட்' இதுதான்.

900 லூமென் பல்பு எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பினால் 900-ஐ 12.57-ஆல் வகுக்க, சுமார் 72 காண்டெலா. ஒரு மீட்டரில் 72 லக்ஸ், இரண்டில் 18, மூன்றில் 8. டார்ச் வெறும் 100 லூமென்தான். ஆனால் அதை ஒரு ஸ்டெரேடியனில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் சுவரில் சின்னச் சுளகு அகலத்துக்குள் அடைத்துவிடுகிறது. 1,000 காண்டெலா. கொல்லைக்கு டார்ச் ஏன் என்பது இப்போது எண்ணாகவே தெரிகிறது.

நான்கும் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதற்குச் சூரியனே சாட்சி. உச்சி வெயிலில் சூரியனின் பொலிவு சுமார் 160 கோடி நிட். வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் திண்மக்கோணம் ஒரு துளிதான், 0.000068 ஸ்டெரேடியன். தலைக்கு மேல் தெரியும் அரைக்கோள வானத்தில் 90 ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்குங்கள், ஒரு லட்சம் லக்ஸ் வரும். உச்சி வெயிலில் லக்ஸ் மீட்டரை வைத்தால் காட்டும் எண்ணும் ஏறக்குறைய அதுதான். நிலவும் வானத்தில் கிட்டத்தட்ட அதே அளவு வட்டம். ஆனால் அதன் பொலிவு சில ஆயிரம் நிட்தான், ஆகவே பௌர்ணமி வெளிச்சம் ஒரு லக்ஸ்கூட எட்டாது. அதிலும் நம் கண் வழி கண்டுபிடித்து நடக்கிறது. அது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மெழுகுவர்த்தியில் தொடங்கிய அலகு

காண்டெலா என்றால் லத்தீனில் மெழுகுவர்த்தி. கோயில் ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் தூக்கிய காலத்துப் பெரியவர்கள் 'இத்தனை கேண்டில் பவர்' என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் சட்டமே இருந்தது. 1860-ல் பிரிட்டனில், திமிங்கலத் தலையிலிருந்து எடுத்த மெழுகால் செய்து, மணிக்கு 120 கிரெய்ன் எடை எரியும் வர்த்தியே அளவு என்று வகுத்தார்கள். ஜெர்மனியில் ஹெஃப்னர் விளக்கு வந்தது. அமைல் அசிடேட் ஊற்றி, 40 மில்லிமீட்டர் உயரச் சுடரில் எரியும் விளக்கு. பெட்ரோமாக்ஸின் பெயர்பெற்ற 500 எச்கே வகையில் உள்ள எச்கே, 'ஹெஃப்னர் கெர்ட்ஸெ', ஹெஃப்னர் மெழுகுவர்த்தி என்பதன் சுருக்கம்.

சுடர் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஆடும். 1948-ல் உருகிய பிளாட்டினம் உறையும் வெப்பநிலையில் விடும் ஒளியை அளவாக வைத்தார்கள். 1979-ல் அதையும் விட்டு, 540 லட்சம் கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒளி ஸ்டெரேடியனுக்கு 683-ல் ஒரு பங்கு வாட் கொடுத்தால் அது ஒரு காண்டெலா என்று வரையறுத்தார்கள். அந்த அதிர்வெண்தான் 555 நானோமீட்டர் பச்சை. 683 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய காண்டெலாவோடு புதியது ஒத்துப்போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்த எண் அது.

எழுத்துகளும் ஒரு சொல்லின் மூன்று முகங்களும்

புத்தகங்களில் இந்த அளவுகளை எழுத்தால் குறிப்பார்கள். பாயத்துக்குக் கிரேக்க எழுத்து ஃபை. திசைச்செறிவுக்கு ஆங்கில எழுத்து ஐ. விழுச்செறிவுக்கு ஈ. பொலிவுக்கு எல். வாட் கணக்கு என்றால் காலடியில் சின்னதாக இ சேர்ப்பார்கள், ஆற்றலைக் குறிக்க. கண் கணக்கு என்றால் வி, பார்வையைக் குறிக்க. அலைநீளத்துக்கான லாம்டா காலடியில் இருந்தால், மொத்தத்தையும் சொல்லாமல் ஒரு நானோமீட்டர் அகல நிறப்பட்டைக்கு எவ்வளவு என்று சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே வேண்டாம். குறுக்கீட்டு விளைவு, லேசர் பற்றிய பாடங்களில் ஐ என்று எழுதி 'செறிவு' என்பார்கள். அலகைப் பார்த்தால் சதுர மீட்டருக்கு வாட், அதாவது நம் விழுச்செறிவு. ஒளியளவைப் புத்தகத்தில் அதே ஐ, ஸ்டெரேடியனுக்கு வாட். வானியற்பியலில் அதே ஐ, நாம் பொலிவு என்ற அளவு. விண்மீன்களின் ஒளி எப்படி அவற்றின் வளிமண்டலத்தைக் கடந்து வருகிறது என்பதை விரிவாக எழுதிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1950-ல் வெளிவந்த தம் நூலில் அதைத் 'தனிச்செறிவு' என்ற பொருளில்தான் ஆள்கிறார். பாயம் என்ற சொல்லும் தப்பவில்லை. வானியலாளர் பாயம் என்றால் பல நேரம் சதுர மீட்டருக்கு வாட்.

என் பிள்ளைகளிடம் நான் சொல்லும் வழி இதுதான். சொல்லை நம்பாதே, எழுத்தையும் நம்பாதே, அலகைப் படி. வாட் மட்டும் இருந்தால் மொத்தம். கீழே ஸ்டெரேடியன் இருந்தால் திசை. சதுர மீட்டர் இருந்தால் விழுவது. இரண்டும் இருந்தால் பொலிவு. தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் இது தெரிந்தவன் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வழி தவற மாட்டான்.

விண்மீன்களுக்கு வேறொரு பழைய கணக்கும் உண்டு. ஒளித்தரம் என்பார்கள். அதில் எண் கூடினால் ஒளி குறையும். 5 தரம் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று 1856-ல் வரையறுத்தவர் நார்மன் பாக்சன். அவர் பிறகு சென்னைக்கு வந்து, மதராஸ் வானாய்வகத்தை 1861 முதல் 1891-ல் இறக்கும் வரை நடத்தினார். உலகம் முழுக்க இன்றும் விண்மீனின் ஒளியை எழுதும் முறையைக் கொடுத்தவர் முப்பது ஆண்டு நம் சென்னையில் இருந்திருக்கிறார். நம் பாடப்புத்தகத்தில் இது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆச்சிக்குச் சொன்ன கணக்கு

கடையில் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. டப்பாவைத் திருப்பி லூமென் எண்ணைக் காட்டினேன். "ஆச்சி, வாட்டு கரண்ட் பில்லுக்கு. வெளிச்சத்துக்கு இந்த எண். இது 900. உங்க பழைய பல்பு 700 சொச்சம்தான்."

"அப்ப வளவுக்கு எத்தனை போடணும்?"

"வளவு எவ்வளவு ஆச்சி?"

அவர் அடியில் சொன்னார். மாற்றிப் பார்த்தால் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 40 சதுர மீட்டர். இலையில் என்ன பரிமாறியிருக்கிறது என்று நன்றாகத் தெரிய 100 லக்ஸ் போதும். 40-ஐ 100-ஆல் பெருக்க 4,000 லூமென் இலைமேல் விழ வேண்டும். ஆனால் வளவு மேலே திறந்தது. வெறும் பல்பைத் தொங்கவிட்டால் பாதி ஒளி வானத்துக்குப் போய்விடும். அப்படியானால் 8,000 லூமென் வேண்டும், 9 பல்பு.

"வானத்துக்கு எதுக்குப்பா வெளிச்சம்? மேல கூடு போட்டா?"

நான் சொல்ல வாயெடுத்ததை அவரே சொல்லிவிட்டார். மேல் நோக்கிப் போகும் ஒளியைக் கூடு கீழே திருப்பினால் முக்கால்வாசியாவது தரைக்கு வரும். 4,000-ஐ முக்காலால் வகுத்தால் 5,300 சொச்சம். 6 பல்பு, 54 வாட்.

"ஆறு குடு தம்பி" என்றார் ஆச்சி கடைத் தம்பியிடம். "கூடும் ஆறு. உள்பக்கம் வெள்ளையா இருக்கணும், பாத்துக் குடு."